மேலுமலையில் கழற்றிக் கொடுத்த சக்கரம்

போன வாரம் ஜான்பீட்டரைக் கிருஷ்ணகிரியில், பந்தயக் கோட்டுக்குப் பின்னால், ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். பாவம், ஏழு நாளாக அப்படியே நிற்கிறான். கடிதம் எழுதிய வாசகிகள் யாரும் அவனுக்காகக் கவலைப்படவில்லை. அவன் அக்கா ஆரோக்கியசெல்வியை அவள் புருஷன் எப்போது வந்து கூட்டிப்போவான் என்றுதான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் அந்தப் பந்தயக் கோட்டில்தான் இருக்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு நாலு வரி. ஆரோக்கியசெல்வி தலைப்பிரசவத்துக்கு ஓசூரிலிருக்கும் தாய்வீட்டுக்கு வந்தவள். பிள்ளைக்கு ஐந்து மாதம் முடிந்துவிட்டது. மூன்றாம் மாதமே புருஷன் வீட்டார் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போயிருக்க வேண்டும். வரவில்லை. காரணம் நகையும் இல்லை, நட்டும் இல்லை. சைக்கிள்.

அவள் புருஷன் சகாயநாதன் கிருஷ்ணகிரிக் கோட்டை அணியின் தலைவன். மோட்டார் கம்பெனியில் ஃபோர்மேன். தம்பி ஜான்பீட்டர் மூன்று வருஷம் அதே அணியில், மாமாவுக்குப் பக்கத்தில் மிதித்தவன். பக்கத்தில் மிதிப்பதுதான் அவனுக்கு வேலை. மாமாவின் டயர் வெடித்தால் இவன் இறங்கித் தன் முன்சக்கரத்தைக் கழற்றிக் கொடுக்க வேண்டும். மாமா போய் ஜெயிப்பார், மாலை வாங்குவார். இவன் காற்றுப்போன சக்கரத்தோடு புளியமரத்தடியில் நிற்பான்.

நின்று நின்று அலுத்துப்போய், இரண்டு மாதத்துக்கு முன்னால் ஓசூரில் சாந்த் பாஷா புதிதாக ஆரம்பித்த எல்லை அணியில் சேர்ந்துவிட்டான். அன்றிலிருந்து சகாயநாதன் ஓசூர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மச்சினன் மேல் இருந்த கோபத்துக்குப் பெண்டாட்டியும் பிள்ளையும் என்ன செய்வார்கள் என்று அவனிடம் கேட்க அந்தக் குடும்பத்தில் ஆளில்லை.

சனிக்கிழமை கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர். ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி. இரண்டு நாளும் சேர்த்து யார் முன்னால் நிற்கிறார்களோ அந்த அணிக்குக் கோப்பை. இதுதான் பந்தயம்.

இப்போது அவனைக் கோட்டிலிருந்து கிளப்பலாம்.

*

மட்கார்டு, காரியர், ஸ்டாண்டு எல்லாவற்றையும் கழற்றி, ஹேண்டில் பாரைத் தலைகீழாக மாட்டிய சைக்கிள்கள் குருபரப்பள்ளி தாண்டும்வரை ஒரே கூட்டமாகத்தான் போயின. மேலுமலை ஏற்றம் தொடங்கியதும் கூட்டம் பிய்ந்தது. முன்னால் மிஞ்சியவர்கள் மூன்று பேர்: எல்லை அணியின் மஞ்சள் பனியனில் ஜான்பீட்டர், அவன் முதுகுக்குப் பின்னால் அதே மஞ்சளில் கௌஸ் மொய்தீன், அவனுக்குப் பின்னால் சிவப்புப் பனியனில் சகாயநாதன்.

சாந்த் பாஷா வகுத்துக் கொடுத்த ஏற்பாடு எளிமையானது. முன்னால் போகிறவன் எதிர்காற்றை வாங்கிக்கொள்வான். பின்னால் வருகிறவன் பலத்தை மிச்சம் பிடித்து, கடைசியில் பாய்வான்.

"இன்னைக்கு கௌஸுக்கு நீ காத்து வாங்கு. நாளைக்கு உனக்கு அவன் வாங்குவான். நாளைக்கு உன் நாளு தம்பி," என்று பாஷா சொல்லியிருந்தார். இருபத்திரண்டு வயதில் முதன்முதலாக ஒருவர் அவனுக்கென்று ஒரு நாளை ஒதுக்கியிருந்தார். அந்த ஒரு வார்த்தைக்காகவே அவன் கால் வலியை மறந்து மிதித்தான்.

வளைவில், பின்னால், 'டப்' என்று ஒரு சத்தம்.

"மாப்ள, சக்கரம்!"

அப்புறம் நடந்ததை ஜான்பீட்டரிடம் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகக் கேட்டார்கள். அவனால் ஒழுங்காகச் சொல்ல முடிந்ததே இல்லை. மாமாவின் குரல் கேட்டது. இறங்கினான். அவன் முன்சக்கரத்துக்கு விங் நட்டு, அதாவது ஸ்பேனர் இல்லாமல் கையாலேயே திருகக்கூடிய நட்டு. சக்கரம் கொடுப்பதற்கென்றே கோட்டை அணியில் போட்டுக்கொண்டது. அணி மாறியும் அதை மாற்றவில்லை. இரண்டு திருகு. சக்கரம் கையில் வந்தது, மாமாவின் கைக்குப் போனது. மாமா மாட்டிக்கொண்டு ஏறிப் போனார்.

சிவப்புப் பனியன் வளைவில் மறைந்த பிறகுதான் ஜான்பீட்டர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். மஞ்சள்.

அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். எனக்குக் கூட எழுதும்போது அவனை ஒரு அறை விடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் மூன்று வருஷம் பழக்கிய கை அது. பழக்கியவர் கூப்பிட்டதும் போய்விட்டது.

ஓசூர் எல்லைக்கோட்டில் இரண்டு பக்கமும் ஜனம். பெங்களூர்ப் பக்கமிருந்து வந்தவர்கள் "பேக, பேக!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தினார்கள். தனியாகக் காற்று வாங்கி வாங்கி ஓய்ந்துபோயிருந்த கௌஸ் மொய்தீனைச் சகாயநாதன் கடைசி நேரத்தில் தாண்டினான். மாலை விழுந்தது. முன்சக்கரம் யார் கண்ணிலும் படுவதற்குள் சைக்கிளைக் கையோடு கொண்டுபோய் வேனுக்குள் ஏற்றிக் கதவையும் சாத்திவிட்டான்.

ஜான்பீட்டர் வந்து சேர்ந்தது பின்னால் வந்த லாரியில். அவன் மடியில் காற்றுப்போன சக்கரம். அச்சைச் சுற்றிக் கோட்டை அணியின் சிவப்பு வளையம்.

சாந்த் பாஷா அந்தச் சக்கரத்தைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

"வித்துட்டியா?"

"இல்ல பாய். கூப்ட்டாரு. இறங்கிட்டன்."

"கூப்ட்டா இறங்கிடுவியா? நான் கூப்ட்டா?"



வேற்று அணிக்காரனிடம் சக்கரம் வாங்கினால், வாங்கியவனுக்குப் பந்தயத்தில் இடமில்லை. அது சட்டம். பாஷா நேராக நடுவர் நாராயணப்பனிடம் போனார். அவர் ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர், எதையும் அவசரப்படாமல் கேட்கிறவர். சகாயநாதனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நானே பஞ்சர் ஒட்டிக்கினன் சார். அவன்கிட்ட இருக்கறது எங்க டீம்ல இருந்தப்ப வாங்கினு போன பழைய சக்கரம்," என்றான் சகாயநாதன், கண் இமைக்காமல்.

நாராயணப்பன் ஜான்பீட்டர் பக்கம் திரும்பினார். "நீ ஹேளப்பா. நீதான் சொல்லணும்."

ஜான்பீட்டர் தரையைப் பார்த்தான்.

"சரி. நாளைக்குக் காலையில கொடி காட்டறதுக்கு முன்னாடி கேப்பேன். அப்ப வாய் திறக்கணும்."

*

அன்று சாயங்காலம் ஆரோக்கியசெல்வியின் தாய்வீட்டில் அதிசயம் நடந்தது. சகாயநாதன் வந்தான்.

மாலையை எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு, ஒரு சீப்பு வாழைப்பழமும் கனகாம்பரச் சரமுமாக வாசலில் நின்றான். மாமியார் லூர்தம்மாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாற்காலியைத் துடைத்தாள், துடைத்த நாற்காலியை மறுபடி துடைத்தாள். பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொல்லிக் கோழி பிடித்து வந்தாள்.

ஆரோக்கியசெல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரில் நின்றாள். சகாயநாதன் பிள்ளையை வாங்கினான். ஐந்து மாதப் பிள்ளை அவன் மீசையைப் பிடித்து இழுத்தது. அவன் சிரித்த சிரிப்பில் கள்ளம் ஒன்றும் இல்லை. அதை நான் மறைக்கக் கூடாது. கெட்டவன் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடிந்தால் இந்தக் கதை எப்போதோ முடிந்திருக்கும்.

"நாளைக்குப் பந்தயம் முடிஞ்சதும் வேன்லயே கூட்டிட்டுப் போயிடறன் அத்த," என்றான்.

லூர்தம்மாள் மாதா படத்துக்கு முன்னால் போய் அழுதாள். ஆரோக்கியசெல்வி பெட்டியை இழுத்துப் போட்டுத் துணி மடிக்க ஆரம்பித்தாள். மடித்ததைப் பிரித்து வேறு மாதிரி மடித்தாள். சரத்தை வைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள். இரண்டு மாதமாகத் தெருவில் தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் "இன்னும் வரலியா?" என்று கேட்ட முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டாள். அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜான்பீட்டர் மட்டும் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தான். உட்கார்ந்தால் எழுந்தான். சாப்பிடக் கூப்பிட்டால் பசியில்லை என்றான். கொல்லையில் சாய்த்து வைத்திருந்த சைக்கிளின் பெடலைச் சும்மா சுற்றிவிட்டான். அது நின்றதும் மறுபடி சுற்றினான்.

கை கழுவுவதுபோலச் சகாயநாதன் கொல்லைக்கு வந்தான்.

"மாப்ள, நாளைக்கு நாராயணப்பன் சார் கேப்பாரு."

"தெரியும் மாமா."

"பழைய சக்கரம்னு சொல்லிடு. ஒரு வார்த்த. அக்கா நாளைக்கே ஊட்டுக்கு வந்துடுவா. எல்லாம் சரியாப் போயிடும்."

"சொல்லலன்னா?"

சகாயநாதன் தோளில் கிடந்த துண்டில் கையைத் துடைத்தான். "அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு நான் இந்த ஊட்டுக்கு வர்றது?"

சொல்லிவிட்டுத் திரும்பினால், கதவருகில் ஆரோக்கியசெல்வி. கையில் அவனுக்காகக் கொண்டுவந்த தண்ணீர்ச் சொம்பு. சொம்பைக் கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்துவிட்டு, போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினான். கோழிக் குழம்பு அடுப்பிலேயே கிடந்தது.

அவன் போனதும் அக்கா கொல்லைக்கு வந்தாள்.

"சக்கரத்த தெரிஞ்சேதா குடுத்தியாடா?"

"இல்லக்கா. சத்தியமா. கை போயிடுச்சு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான புதிதில் சனிக்கிழமை தோறும் கிருஷ்ணகிரி வீட்டு வாசலில் மாமாவும் மச்சினனும் சக்கரம் மாற்றிப் பழகியதை அவள்தான் காபி வைத்துக் கொடுத்தபடி பார்த்திருக்கிறாள். "இறங்கு, திருகு, குடு" என்று சகாயநாதன் சத்தம் போடுவான். அவளுக்கே அந்த மூன்று வார்த்தையும் பாடம்.

சிரிப்பைச் சட்டென்று நிறுத்தினாள்.

"அப்ப அவரு வந்தது எனக்கில்ல. உன் வாய மூடறதுக்கு."

"அப்டியெல்லாம் இல்லக்கா. பிள்ளைய எவ்ளோ ஆசையாத் தூக்கினாரு..."

"ஆசை இருக்குது. அது ரெண்டு மாசமா எங்க போயிருந்தது?"

ஜான்பீட்டர் பெடலைச் சுற்றினான். "நீ என்ன சொல்றியோ அதச் சொல்றன்க்கா. பழைய சக்கரம்னு சொல்லணுமா, சொல்லிடறன். பாய் என்ன டீம்ல இருந்து தொரத்தினாலும் பரவால்ல."

"என் தலையில போடாத!" அவள் குரல் உயர்ந்தது. "நீ சக்கரத்த குடுத்துட்டு என் வாழ்க்கைக்காகன்னு சொல்லுவ. அவரு சக்கரத்த வாங்கிகினு என்ன கூட்டிட்டுப் போவாரு. நாளைக்கு அங்க ஒரு சண்டை வந்தா, உன் தம்பி ஒரு சக்கரம் குடுத்தான், உன்ன கூட்டியாந்தன்னு சொல்லுவாரு. காலத்துக்கும் நான் அதக் கேட்டுகினு இருக்கணுமா?"

உள்ளே பிள்ளை அழுதது. அவள் போய்விட்டாள். பெட்டியைப் பிரிப்பாள் என்று ஜான்பீட்டர் எதிர்பார்த்தான். அவள் மிச்சத் துணியையும் மடித்து வைத்துப் பூட்டினாள்.

*

ஞாயிறு காலை முதல் பூசை முடிந்து சனம் கோயிலிலிருந்து நேராகப் பந்தயத்துக்கு வந்துவிட்டது. டிராவலர்ஸ் பங்களாவுக்கு எதிரில் சாலையை அடைத்துக்கொண்டு சைக்கிள்கள். சாந்த் பாஷா ஜான்பீட்டரிடம் பேசவில்லை; அவன் சைக்கிளுக்கு மட்டும் மஞ்சள் வளையம் போட்ட புதுச் சக்கரம் மாட்டி வைத்திருந்தார்.

ஆரோக்கியசெல்வி பிள்ளையோடு வந்தாள். பின்னால் லூர்தம்மாள், தலையில் பெட்டியோடு. கோட்டை அணி வேனுக்குப் பக்கத்தில் பெட்டியை இறக்கினார்கள். சகாயநாதன் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பெட்டி வந்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணிக்கொண்டான். ஆண்களின் கணக்கு அப்படித்தான் இருக்கிறது.

நாராயணப்பன் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார்.

"ஜான்பீட்டர். அந்தச் சிவப்பு வளையம் போட்ட சக்கரம் யாருது?"

ஜான்பீட்டர் அக்காவைப் பார்த்தான். அவள் குனிந்து பிள்ளையின் குல்லாயைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. ஒரு சாடை, ஒரு தலையசைப்பு, எதுவும் கிடைக்காது என்று அவனுக்குப் புரிந்தது. அவன் வாழ்க்கையில் முதன்முதலாக யாரும் அவனைக் கூப்பிடாத இடம் அது.

"மாமாவோடது சார். மேலுமலை வளைவுல என் சக்கரத்த கழட்டிக் குடுத்துட்டு நான் அத வாங்கிகினன்."

"அவர் கேட்டாரா?"

"கேட்டாரு. கேட்டா என்ன சார், குடுத்தது நான்தா. தப்பு எம்மேலயும் இருக்குது."

கூட்டம் சலசலத்தது. நாராயணப்பன் சகாயநாதனின் முதுகில் கட்டியிருந்த பந்தய எண் துணியைத் தன் கையாலேயே அவிழ்த்தார். சகாயநாதன் அசையாமல் நின்றான். அவனைப் பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஊர் முன்னால் ஒருவன் முதுகிலிருந்து அந்தத் துணியை அவிழ்ப்பது சின்ன விஷயமில்லை.

சாந்த் பாஷா ஜான்பீட்டர் பக்கத்தில் வந்தார். "நல்லது. ஆனா உன் நாள நேத்தே நீ செலவு பண்ணிட்ட. இன்னைக்கும் கௌஸுக்குத்தா காத்து வாங்கணும். வாங்குவியா?"

"வாங்கறன் பாய்."

சகாயநாதன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேனுக்கு வந்தான். பெட்டிக்குப் பக்கத்தில் ஆரோக்கியசெல்வி நின்றிருந்தாள்.

"கிளம்பலாங்களா?" என்றாள்.

அவன் நம்ப முடியாமல் பார்த்தான். "உன் தம்பி என்ன செஞ்சான்னு பாத்த இல்ல?"

"பாத்தன். அது உங்க ரெண்டு பேரு பந்தயம். நேத்து என்ன கூட்டிட்டுப் போறன்னு எங்கம்மா கிட்ட சொன்னீங்க. நான் தயாரா இருக்கறன்."

சகாயநாதன் பெட்டியைப் பார்த்தான், வேனைப் பார்த்தான். கடைசியில் சொன்னான்: "வேன்ல எடமில்ல."

அந்த வேனில் எட்டுப் பேர் தாராளமாக உட்காரலாம். அன்று அதில் ஒரு பம்பும், இரண்டு டயரும், டிரைவர் சென்னகிருஷ்ணனும் மட்டும் இருந்தார்கள். சென்னகிருஷ்ணன் வெட்கப்பட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

"சரிங்க," என்றாள் ஆரோக்கியசெல்வி. "பஸ்ஸுல இருக்கும்."

லூர்தம்மாள் அவள் கையைப் பிடித்தாள். "வேணாம்டி. கூப்பிடாம நீயாப் போனா மதிப்பாங்களா? பிரசவத்துக்கு வந்த பொண்ணு தனியாப் போனதா நம்ம சாதி சனத்துல உண்டா?"

"கூப்பிட்டாச்சும்மா. நேத்து. நீதா சாட்சி."

கொடி இறங்கியது. சைக்கிள்கள் பாய்ந்தன. லூர்தம்மாள் அழுதபடியே பெட்டியை மறுபடி தலைக்கு ஏற்றிக்கொண்டு மகளுக்குப் பின்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

*

சூளகிரிக்கு முன்னால் பஸ் பந்தயக்காரர்களைப் பிடித்தது.

ஜான்பீட்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தான். எதிர்காற்று வாயில் மண்ணை அள்ளிப் போட்டது. பின்னால் கௌஸ் மொய்தீனின் மூச்சு. அக்கா வேனில் ஏறினாளா, வீட்டுக்குத் திரும்பினாளா, ஒன்றும் தெரியாமல் மிதித்துக்கொண்டிருந்தான்.

பஸ் ஹாரன் அடித்தபடி ஒதுங்கி முந்தியது. ஜன்னலில் கனகாம்பரம். பிள்ளையின் குல்லாய்.

"அக்கா!" அவன் பெடல் தளர்ந்தது.

"நிக்காத!" என்று கத்தினாள் அவள். "முன்னாடி பாத்து மிதிடா!"

பஸ் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டது. அவன் மிதித்தான். அதற்குமேல் அந்தப் பந்தயம் அவன் பாடு, கௌஸ் பாடு. நாம் பஸ்ஸோடு போவோம்.

கிருஷ்ணகிரி, பழையபேட்டை. கூலிக்காரன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுப் போனான். கதவைத் திறந்தது மாமியார் சவரியம்மாள். மருமகளைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் தெருவைப் பார்த்தாள். தெரு காலியாக இருந்தது.

"யாரு கூட்டியாந்தது?"

"யாருமில்ல அத்த. நானேதா வந்தன்."

"சகாயம் எங்க?"

"வேன்ல வர்றாரு. அதுல எடமில்லன்னாரு."

சவரியம்மாள் வாசற்படியை விட்டு நகரவில்லை. பேரனைப் பார்த்ததும் அவள் முகம் இளகியது. இரண்டு கையையும் நீட்டினாள்.

"பிள்ளைய இப்டி குடு. நீ அவன் வர்ற வரைக்கும் அங்கியே இரு."

ஆரோக்கியசெல்விக்குக் கால் வலித்தது. நீட்டிய கைகளை அவள் பார்த்தாள். சுருக்கம் விழுந்த, ஆசையான கைகள்தான். அதனால்தான் அழுகை வந்தது. பிள்ளையைக் கொடுக்கவில்லை.

"ரெண்டு பேரும் ஒண்ணாதா உள்ள வருவோம் அத்த," என்றாள். பெட்டியை இழுத்து வாசற்படிக்கு நேராகப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தாள்.

பெரிய ரோட்டில் கூச்சல் எழுந்தது. முதல் சைக்கிள் வந்துவிட்டது. தெருவில் இருந்தவர்கள் எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். அவர்கள் ஓடிய திசையிலிருந்து கோட்டை அணி வேன் தெருமுனையில் திரும்பி, வீட்டைக் கண்டதும் பாதி வழியிலேயே நின்றது. யாரும் இறங்கவில்லை.

ஆரோக்கியசெல்வி திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளை பசியில் சிணுங்கியது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்து, பிள்ளைக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள்.